பீப்பாய்க்கு மூன்று நாள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். லண்டனில் மூடப்பட்ட தெருமுனை பப்களைப் பற்றிய கட்டுரையில் வாடகை, வரி, 2007இல் வந்த புகைத்தடை எல்லாம் இருந்தன. பீர் பீப்பாய்கள் கிடக்கும் நிலவறை மட்டும் விடுபட்டுவிட்டது. அன்றாடம் வந்து உட்கார்ந்தவர்களின் அருமை அங்கே இறங்கிப் பார்த்தால்தான் விளங்கும்.

பீப்பாயிலிருந்து கைப்பம்பில் இழுத்து ஊற்றும் ‘கேஸ்க் ஏல்’ என்ற பீர் உயிருள்ள சரக்கு. பப்புக்கு வந்து சேர்ந்த பிறகும் பீப்பாய்க்குள் ஈஸ்ட் வேலை செய்துகொண்டிருக்கும். வழக்கமான பீப்பாயான ‘ஃபர்கின்’ 72 பைண்ட் கொள்ளும், ஏறத்தாழ 41 லிட்டர். அதை 11 முதல் 13 டிகிரி குளிர்ச்சியில் அசையாமல் படுக்கவைத்து, மேல் துளையில் காற்றுப் போகும் மர முளையைச் செருகி வாயுவைக் கசியவிட வேண்டும். நுரை அடங்கியதும் இறுக்கமான முளை. மண்டி படிந்து தெளிய ஒரு நாளாவது பிடிக்கும். அவசரப்பட்டால் கண்ணாடிக் குவளையில் கலங்கல்தான் வரும்.

முதல் பைண்ட் இழுத்ததும் கெடு தொடங்கிவிடுகிறது. வெளியேறும் பீரின் இடத்தைக் காற்று பிடிப்பதால் சரக்கு மூன்று நாள் தாங்கும். பிறகு சப்பென்று ஆகி, காடி வாடை வந்துவிடும். அப்படியானால் நாளுக்கு 24 பைண்ட் போக வேண்டும். ஆளுக்கு இரண்டு என்றால் 12 பேர். பம்புக்கு ஒரு பீப்பாய் என்பதால், மூன்று பம்பு இருந்தால் 36 பேர். வெள்ளி, சனிக்குக் கூட்டம் தானாக வரும். திங்கள் முதல் வியாழன் வரை பீப்பாயைக் காலி செய்தவர்கள் டார்ட்ஸ் அணிக்காரர்களும், டொமினோ மேசைக்காரர்களும், வேலை விட்டு வீடு திரும்பும் வழியில் எட்டிப் பார்த்தவர்களும்தான்.

இவர்களில் பத்துப் பேர் குறைந்தாலே நாலாம் நாள் பீர் குவளைக்கு வரும். அதைக் குடித்து முகம் சுளித்தவர் மறுபடி வரமாட்டார். அவர் வராததால் அடுத்த பீப்பாய் இன்னும் மெதுவாகக் காலியாகும். பல நல்ல பப்கள் இப்படித்தான் படுத்தன. பம்புகளைக் குறைத்து, 36 பைண்ட் ‘பின்’ பீப்பாய்க்கு மாறுவதே இதற்கு வழி. ஆட்கள் குறைந்த பிறகும் கௌரவத்துக்காக ஐந்து பம்பு வைத்திருப்பது தற்கொலை.

பழைய வாடிக்கையாளர்கள் இன்னொரு காவலும் செய்தார்கள். இரவெல்லாம் குழாயில் தேங்கிய பீரைக் காலையில் இழுத்துக் கொட்ட வேண்டும். குழாயை வாரம் ஒருமுறை சுத்தம் செய்யும் மருந்து விட்டுக் கழுவ வேண்டும். இதில் ஏய்த்தால், மதியம் பன்னிரண்டுக்கு வந்து உட்காரும் பெரியவர் முதல் மடக்கிலேயே கண்டுபிடித்து, குவளையைத் திருப்பி நகர்த்துவார். அப்படிச் சொல்லிக் கொடுக்க ஆளில்லாத பப்பில் பீர் மேலும் மோசமாகும்.

கட்டடத்தைக் காப்பாற்றவும் அக்கம்பக்கத்தாரே வேண்டும். லண்டன் மைடா வேலில் இருந்த ‘கார்ல்டன் டேவர்ன்’ பப் 2015 ஏப்ரலில், பாதுகாக்கப்பட்ட கட்டடமாக அறிவிக்கப்படவிருந்த நேரத்தில் இடிக்கப்பட்டது. மக்கள் விடவில்லை. இருந்தபடியே திரும்பக் கட்டும்படி வெஸ்ட்மின்ஸ்டர் நகர சபை உத்தரவிட்டது. கட்டடத்தின் விவரங்கள் முன்பே பதிவாகியிருந்ததால் அது நடந்தது. 2021இல் கதவு மீண்டும் திறந்தது. தென் லண்டனில் நன்ஹெட்டின் ‘ஐவி ஹவுஸ்’ பப்பை 2013இல் அப்பகுதி மக்களே கூட்டுறவாக வாங்கி நடத்தத் தொடங்கினார்கள்.

உங்கள் வாசகர்களின் தெருவில் இன்னும் திறந்திருக்கும் பப் உண்டென்றால், இங்கிலாந்தில் 2011ஆம் ஆண்டுச் சட்டம் கைகொடுக்கும். வாக்காளர் பட்டியலில் உள்ள உள்ளூர்க்காரர்கள் 21 பேர் குழுவாகச் சேர்ந்து, அதைச் ‘சமூக மதிப்புள்ள சொத்தாக’ப் பதியும்படி நகர சபைக்கு விண்ணப்பிக்கலாம். எட்டு வாரத்தில் முடிவு சொல்லியாக வேண்டும். பதிவு ஐந்து ஆண்டு செல்லும். உரிமையாளர் விற்க முன்வந்தால், வாங்க விரும்பும் ஊர்க் குழு ஆறு வாரத்துக்குள் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். தெரிவித்தால், விற்பனை அறிவிப்பு வந்த நாளிலிருந்து ஆறு மாதம் பணம் திரட்ட அவகாசம் உண்டு. அவர்களுக்கே விற்றாக வேண்டும் என்ற கட்டாயம் மட்டும் அந்தச் சட்டத்தில் இல்லை.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர், லண்டன்