மாமியார் எதிரில் அந்தக் கேள்வியைக் கேட்காதீர்கள்

பினாங்கு அரசு தாய்சேய் கிளினிக்குகளின் தாதி மிஸ்ஸிமார்களுக்கும் டாக்டர்களுக்கும்,

வணக்கம். பச்சை உடம்புக்காரியைப் பார்க்க வீடு தேடிப் போகிறீர்கள். தையலையும் குழந்தையின் தொப்புளையும் பார்க்கும் அதே கவனம் அவள் மனதுக்கும் வேண்டும்.

பிரசவமான மூன்றாம், நான்காம் நாளில் அழுகை வருவது பலருக்கும் உண்டு. இரண்டு வாரத்தில் அடங்கிவிடும். அடங்காவிட்டால் மனச்சோர்வா என்று பார்த்தாக வேண்டும். அதற்குத்தான் 1987இல் வெளிவந்த எடின்பரோ கேள்வித்தாள்: கடந்த 7 நாள்களைப் பற்றி 10 கேள்விகள், உச்சப் புள்ளி 30. வேலூரில் சோதித்த தமிழ் வடிவமும் இருக்கிறது. அதை அவள் கையிலேயே கொடுங்கள். கணவரோ மாமியாரோ மொழிபெயர்த்தால் "நல்லாத்தான் இருக்கேன்" என்ற பதில்தான் வரும். பெரியவர்கள் குழந்தையைக் குளிப்பாட்டும் அந்தப் பத்து நிமிடம் போதும்.

கூட்டும்போதுதான் தவறு நடக்கிறது. 1, 2, 4ஆம் கேள்விகளில் முதல் பதிலுக்கு 0. மற்ற ஏழிலும் முதல் பதிலுக்கு 3. இதை மறந்தால் நொந்து கிடப்பவள் நலமாகத் தெரிவாள். புள்ளி கூடக் கூட மனச்சோர்வுச் சந்தேகமும் கூடும். சந்தேகப்பட ஆங்கிலத் தாளுக்குப் பல இடங்களில் வைக்கும் 13 புள்ளி என்ற எல்லையைத் தமிழ்த் தாளுக்கு அப்படியே வைக்காதீர்கள். வேலூரில் கண்ட எல்லை அதைவிடக் குறைவு. பத்தாம் கேள்வி தன்னைத் தானே காயப்படுத்தும் எண்ணம் பற்றியது. அதற்கு 0 தவிர எது வந்தாலும், மொத்தம் எவ்வளவாக இருந்தாலும், அன்றே டாக்டர் பார்க்க வேண்டும்.

நம் பெண்கள் "மனசு சரியில்லை" என்று எளிதில் சொல்வதில்லை. "தலை கனக்குது, உடம்பெல்லாம் அசதி" என்பார்கள். இரத்தச்சோகையையும் தைராய்டையும் சோதியுங்கள், ஆனால் அதோடு நிறுத்திவிடாதீர்கள். "குழந்தை தூங்கும்போது உனக்குத் தூக்கம் வருதாம்மா?" என்று கேளுங்கள்.

யாருக்கு ஆபத்து அதிகம் என்பது கர்ப்பத்திலேயே தெரியும்: முன்பே மனச்சோர்வு வந்தவர், கணவரிடம் அடிபடுபவர், பணநெருக்கடியில் இருப்பவர், கைகொடுக்க ஆளில்லாதவர். பெண் குழந்தை பிறந்ததும் ஒரு காரணமாவதைக் கோவாவில் நடந்த ஆய்வு காட்டியது. பத்தியம் முடிந்து, உதவிக்கு வந்த அவள் அம்மா தன் ஊருக்குத் திரும்பிய பிறகு ஒருமுறை கட்டாயம் பாருங்கள். வீடு வெறிச்சோடுவது அப்போதுதான்.

மருந்து தேவைப்பட்டால் தாய்ப்பாலை நிறுத்தச் சொல்ல அவசரப்படாதீர்கள். செர்ட்ராலின் என்ற மனச்சோர்வு மருந்து பாலில் மிகச் சிறிதளவே கலக்கிறது. ஆனால் தூக்கமே இல்லாமல், இல்லாத குரல் கேட்கிறது என்பவளை மறு தவணைக்கு வரச்சொல்லாமல் உடனே மருத்துவமனைக்கு அனுப்புங்கள். கர்ப்பப் புத்தகத்தின் அட்டையில் ஹீல் (HEAL) மனநல உதவி எண் 15555ஐத் தமிழில் எழுதி ஒட்டிக் கொடுங்கள்.

இப்படிக்கு,
தாய்சேய் நலப் பணியிலுள்ள தமிழர்கள், பினாங்கு