மைதானத்துக்கு வாடா

அன்புள்ள பாலு,

இங்கே எல்லாரும் நலம். அம்மாவுக்கு முட்டிவலி பரவாயில்லை. போன் போட்டால் "அப்புறம் பேசறேன்" என்கிறாய். கடிதம் என்றால் முழுசாகப் படித்துத்தானே ஆகணும்?

வியாசர்பாடியில் நம்ம டோரத்தி அக்கா வீட்டு மொட்டைமாடியில் ஞாயிறு சாயங்காலம் மனித உரிமை வகுப்பு நடக்கிறது. வக்கீலம்மா ஒருவர் வந்து சொல்லித் தருகிறார். கைது செய்தால் 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்ட்ரேட் முன்னால் நிறுத்தணும், வீட்டுக்குத் தகவல் சொல்லணும், கைதுக் குறிப்பில் குடும்பத்தில் ஒருவரோ ஏரியாவில் மதிப்பான ஒருவரோ சாட்சிக் கையெழுத்துப் போடணும். 1996-லேயே டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது; 2024 ஜூலையில் வந்த புதுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலும் இருக்கிறது. எல்லாரும் தலையாட்டினார்கள்.

அப்புறம் அக்கா, "நடிச்சுப் பாப்போம்" என்றாள். அவள்தான் இன்ஸ்பெக்டர். ரெஃப்ரியிடம் நீ கத்துவாயே, அதைவிடப் பெரிய சத்தம். மாடியே சிரித்தது. மகனைத் தேடி ஸ்டேஷனுக்கு வரும் தாயாக, மீன் விற்கிற ஓர் அம்மா எழுந்தார். வாயே திறக்கவில்லைடா. கையைக் கட்டி, தலைகுனிந்து நின்றார். ஒரு ராத்திரி முழுக்க நிஜமாகவே அப்படி நின்றவர். சிரிப்பு அப்படியே அடங்கிப்போச்சு.

அன்றிலிருந்து வகுப்பே மாறிவிட்டது. பிரிவு எண்ணெல்லாம் கடைசியில்தான். "எந்தக் கேஸ்ல கூட்டினு வந்தீங்க சார்? கைதுக் குறிப்பைக் காட்டுங்க" என்று வாய்விட்டுச் சொல்லிச் சொல்லிப் பழக்குகிறோம். போன வாரம் அதே அம்மா, "சாட்சி விசாரணைக்குப் பொம்பளைய ஸ்டேஷனுக்கு வரச் சொல்லக் கூடாது, வூட்டாண்ட வந்து கேளுங்க" என்று அக்காவையே மடக்கினார்! இலவச வக்கீலுக்கு 15100-க்குப் போன் போடணும் என்பது இப்போது குழந்தைகளுக்கும் மனப்பாடம்.

ஆனால் பையன்கள் ஒருத்தனும் மாடி ஏறுவதில்லை. ராத்திரியில் பிடித்துப் போவது அவர்களைத்தானே? ஒருத்தன் சொன்னான்: "வியாசர்பாடின்னு அட்ரஸ் சொன்னாலே சந்தேகம்தான். சட்டம் வேற பேசினா இன்னும் ரெண்டு அடி சேர்த்து வுழும்ணா." அடித்தால் ஒரு வருஷத்துக்குள் மாநில மனித உரிமை ஆணையத்துக்குக் கட்டணமில்லாமல் புகார் கொடுக்கலாம். சரி, அந்த ராத்திரிக்கு என்ன வழி? தெருவே சேர்ந்து ஸ்டேஷன் வாசலில் போய்க் கேட்டால் அடிக்கக் கை கொஞ்சமாவது தயங்கும் என்று நம்புகிறேன். அதற்குத் தெருவுக்கே தெரிந்திருக்கணும், பாலு.

அதனால் வகுப்பை மைதானத்துக்கே கொண்டுபோகலாம் என்றிருக்கிறோம், காலை ஆட்டம் முடிந்ததும். நான் கூப்பிட்டால் நழுவுவான்கள். கோல்கீப்பர் பாலு அண்ணன் சொன்னால் உட்காருவான்கள். எந்த ஞாயிறு வருகிறாய் என்று உடனே எழுது, வக்கீலம்மாவிடம் சொல்லணும்.

உன்,
சேகர்