வண்டிப் பணத்தை இப்போது அனுப்ப வேண்டாம்

குகை, சேலம்
ஆடி மாதம்

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே எல்லோரும் நலம். போனிலேயே சொல்லக்கூடியதை அப்பா ஏன் எழுதுகிறார் என்று யோசிப்பாய். நீ மஸ்கட்டிலிருந்து கூப்பிட்ட இரண்டாவது நிமிஷம் போன் உன் மகன் கைக்குப் போய்விடுகிறது. அவனை வைத்துக்கொண்டு அவனைப் பற்றி எப்படிப் பேசுவது? அதனால்தான் தாளில் எழுதுகிறேன். மருமகள் படம் எடுத்து உனக்கு அனுப்பிவிடுவாள். அவளுக்கும் இதில் சம்மதம்தான்.

விஷயம் வண்டிதான். பத்தாவதில் நானூறு தாண்டினால் பைக் என்று நீ சொன்னாய், அவனும் தாண்டிவிட்டான். கேட்பதில் நியாயம் இருக்கிறது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அவனுக்குப் பதினாறுதான் ஆகிறது. பதினாறு வயதில் எடுக்கக்கூடிய லைசென்ஸ் 50 சிசிக்குள் கியர் இல்லாத வண்டிக்கு மட்டும். அப்படி ஒரு வண்டி இன்று எந்த ஷோரூமில் இருக்கிறது? மற்றதற்கெல்லாம் பதினெட்டு முடிய வேண்டும். 2019-இல் சட்டத்தைத் திருத்தினார்களே, அதன்படி சின்னப் பையன் ஓட்டிப் பிடிபட்டால் பெற்றவர் அல்லது வண்டியின் சொந்தக்காரர் மேல்தான் வழக்கு. மூன்று வருஷம் வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், வண்டியின் பதிவு ஒரு வருஷத்துக்கு ரத்து. பையனுக்கு இருபத்தைந்து வயது வரை லைசென்ஸே கிடையாது. வண்டியை உன் பெயரில் வாங்கினால் நீ அங்கே, வழக்கு இங்கே. என் பெயரில் வாங்கினால், இந்த வயதில் நான் கோர்ட் படி ஏற வேண்டும். யார் மேலாவது மோதிவிட்டான் என்று வை, இன்ஷூரன்ஸ்காரன் அடிபட்டவருக்குக் கொடுத்துவிட்டு, லைசென்ஸ் இல்லாமல் ஓட்டினான் என்று அந்தத் தொகையை வண்டிக்காரரிடமே திரும்பக் கேட்பான்.

சட்டத்தைச் சொன்னால் அவன் சிரிக்கிறான். "தாத்தா, பேட்டரி வண்டிக்கு லைசென்ஸே வேண்டாம்" என்கிறான். 250 வாட்டுக்குள், 25 கிலோமீட்டருக்கு மேல் போகாத வண்டி என்றால் அவன் சொல்வது சரிதான், விசாரித்துவிட்டேன். ஆனால் அவன் காட்டிய படத்தில் இருந்த வண்டி அந்த ரகம் இல்லை. பள்ளிக்கூடத்தில் ப்ளஸ் ஒன்னுக்குக் கொடுத்த சைக்கிளோ மாடிப்படிக்குக் கீழே நிற்கிறது. அதில் போனால் கூட்டாளிகள் கேலி செய்வார்களாம்.

இந்தப் பையன்கள் வண்டியை எங்கே கொண்டுபோகிறார்கள் தெரியுமா? ராத்திரி பத்து மணிக்கு மேல் ஐந்து ரோடு பாலத்தின் மேல். நீ போன பிறகு திறந்த அந்த இரண்டடுக்குப் பாலம்தான். ஞாயிற்றுக்கிழமை ஆனால் ஏற்காடு. இருபது கொண்டை ஊசி வளைவு. ஏறும்போது ஒன்றும் தெரியாது, இறங்கும்போதுதான் வினை. கியர் வண்டியாவது இரண்டாவதில் போட்டால் இன்ஜினே இழுத்துப் பிடிக்கும். ஸ்கூட்டரில் பெரும்பாலான பாரம் பிரேக்கில்தான் விழும். இரண்டு பேரை ஏற்றிக்கொண்டு கீழே வருவதற்குள் பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போகும். இது தெரியாமல் வளைவில் படம் எடுத்துக்கொண்டு இறங்குகிறார்கள்.

நம் பக்கத்துத் தெருவில் ஒன்று நடந்தது. மூன்று பேர் ஒரே வண்டியில் போய் விழுந்தார்கள். ஓட்டியவனுக்குப் பதினேழு. விழுந்ததுகூடப் பெரிதில்லை. மற்ற இருவரும் போலீஸ் வரும், வீட்டில் தெரியும் என்று பயந்து 108-ஐக் கூப்பிடவே இல்லை. இன்னொரு கூட்டாளியை பைக்கில் வரச் சொல்லி, அடிபட்டவனை நடுவில் உட்கார வைத்துத் தூக்கிப் போயிருக்கிறார்கள். பையன் பிழைத்துக்கொண்டான், கால் இன்னும் சரியாகவில்லை. அன்றைக்கே உன் மகனை உட்கார வைத்துச் சொன்னேன். யார் விழுந்தாலும் முதலில் 108, அப்புறம் தாத்தா. ஆஸ்பத்திரியில் சேர்க்கிறவர் பெயர், விலாசம் சொல்லித்தான் ஆக வேண்டும் என்று கட்டாயப்படுத்தக் கூடாது என்று சட்டமே இருக்கிறது. முதல் 48 மணி நேர விபத்துச் சிகிச்சைக்கு அரசே பணம் கொடுக்கும் திட்டம் 2021 கடைசியிலிருந்து நடக்கிறது. காசுக்கு என்ன செய்வது என்று அங்கே யாரும் தயங்கி நிற்கத் தேவையில்லை. இதையெல்லாம் கவனமாகக் கேட்டான். திட்டாமல் சொன்னால் கேட்கிறான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம் தெரு நீ விட்டுப்போன தெரு இல்லை. உன் சின்ன வயதில் வீட்டுக்கு வீடு தறி இருந்தது. விடிந்ததும் தெரு நீளத்துக்குப் பாவு நூல் நீட்டியிருப்போம், சைக்கிளைக்கூடத் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும். வெயில் ஏறியதும் எல்லோரும் உள்ளே குழித்தறியில். குழிக்குள் காலை விட்டுத் தரையோடு உட்கார்ந்திருப்போம், போகிற காலைப் பார்த்தே யார் வீட்டுப் பிள்ளை என்று சொல்லிவிடுவோம். நீ ஒன்பதாவது படிக்கும்போது பீடி குடித்தது எனக்கு எப்படித் தெரிந்தது என்று இன்றுவரை கேட்கிறாயே, எதிர் வீட்டுத் தறியிலிருந்துதான் சேதி வந்தது. ஊர்வம்பு என்று அதைத் திட்டினோம். அந்த வம்புதான் உங்களை எல்லாம் வளர்த்தது.

இப்போது தறிச் சத்தம் கேட்கும் வீடுகளை விரல் விட்டு எண்ணலாம். ஆண்கள் விசைத்தறிக் கூடத்துக்கும் செவ்வாய்ப்பேட்டை, பனங்காட்டுப் பக்கம் கொலுசுப் பட்டறைக்கும் போகிறார்கள். பெண்கள் ஜவுளிக்கடைக்கு. நாலரைக்குப் பள்ளி விட்டு வரும் பிள்ளை வீட்டுப் பூட்டைத் திறந்து உள்ளே போகிறது. பெரியவர்கள் திரும்ப ஏழரை, எட்டு ஆகும். என்ன நடந்தாலும் அந்த மூன்று மணி நேரத்தில்தான் நடக்கிறது. உதட்டுக்குள் புகையிலைப் பை வைத்துப் பழகுவது, வலி மாத்திரையைப் போதைக்குப் போடுவது, ஐயாயிரம் தருகிறேன் உன் பேங்க் அக்கவுண்டைக் கொடு என்று எவனோ கேட்பது, எல்லாம் அப்போதுதான். அக்கவுண்ட் சமாச்சாரத்தில் உன் மகனையும் ஒருவன் கேட்டிருக்கிறான். அவன் நேராக வந்து என்னிடம் சொன்னான். அதற்காக நீ அவனைப் பாராட்ட வேண்டும், மறக்காதே. திருட்டுப் பணம் அந்தக் கணக்கு வழியாகப் போனால் போலீஸ் முதலில் கணக்கு யாருடையதோ அவன் வீட்டுக்குத்தான் வரும்.

தெருமுனையில் கேமரா வைத்திருக்கிறார்கள். நல்லதுதான், சங்கிலி அறுத்தவனைப் பிடிக்க உதவும். ஆனால் அது யாரையும் "டேய், இந்நேரத்தில் இங்கே என்ன வேலை?" என்று கேட்காது. அந்த வேலையை நாங்கள் நாலைந்து கிழவர்கள் எடுத்துக்கொண்டிருக்கிறோம். நாலரையிலிருந்து விளக்கு வைக்கும் வரை ஆளுக்கொரு திண்ணை. திண்ணையை இடித்து கேட் வைத்த வீடுகளில் பிளாஸ்டிக் நாற்காலி. மாத்திரை விற்பவன் என்று சந்தேகம் வந்தால் நாங்களே சண்டைக்குப் போவதில்லை, போதைப் பொருள் புகார் எண் 10581-க்குச் சொல்கிறோம். பிள்ளைகளுக்கு உதவி என்றால் 1098. உன் அம்மா இரண்டையும் காலண்டரில் பெரிதாக எழுதி வைத்திருக்கிறாள்.

இப்போதைக்கு மாரியாத்தாதான் பிள்ளைகளைக் கட்டிப் போட்டிருக்கிறாள். பூச்சாட்டு முடிந்து கம்பம் நட்டாயிற்று. எட்டுப்பட்டியிலும் வேப்பிலை வாசம்தான். லாரிகளில் சாமி வேஷம் கட்டி ஊர்வலம் போகும் வண்டி வேடிக்கைக்குப் பையன்கள் ராப்பகலாக வேலை செய்கிறார்கள். உன் மகன் இந்த வருஷம் முருகன். முதலில் மீனாட்சி வேஷம் கட்டச் சொன்னார்கள், மீசை அரும்புகிறதே என்று மாட்டேன் என்றுவிட்டான். கிரீடத்துக்குத் தெர்மாகோல் அறுப்பது, ஜிகினா ஒட்டுவது எல்லாம் நம் வீட்டு நடையில்தான் நடக்கிறது. உன் அம்மா பெருக்கிப் பெருக்கிச் சலித்துப்போனாள். தினமும் மாலை ஐந்திலிருந்து ஒன்பது வரை பத்துப் பன்னிரண்டு பேர் இருக்கிறார்கள். ஒருவன்கூட வண்டி எடுத்துக்கொண்டு சுற்றப் போகவில்லை. போன் நோண்டக்கூட நேரமில்லை, பசை கையில் ஒட்டியிருக்கிறது. லாரியில் அலங்காரம் எவ்வளவு உயரம் போகலாம் என்று மின்கம்பியைக் கணக்குப் பண்ணி முதலிலேயே அளந்து கொடுத்துவிட்டேன். ஜெனரேட்டர் ஒயரை எலக்ட்ரீஷியன் தவிர யாரும் தொடக் கூடாது என்பதும் பேச்சு.

பதினெட்டாம் பெருக்குக்கு மட்டும் கொஞ்சம் தகராறு. கூட்டாளிகளோடு மேட்டூருக்கோ கல்வடங்கத்துக்கோ போய்க் குளிக்க வேண்டுமாம். ஆற்றில் தண்ணீர் வேகமாக இருக்கிறது, இவனுக்கு நீச்சலும் தெரியாது. என்னோடு வருவதானால் வா, படியில் உட்கார்ந்து சொம்பில் மொண்டு ஊற்றிக்கொள் என்றேன். முகத்தைத் தூக்கிக்கொண்டான். இருக்கட்டும். பரீட்சை முடிந்ததும் நீச்சல் வகுப்பில் சேர்த்துவிடலாம். குவாரிக் குட்டையில் இறங்கிக் கற்றுக்கொள்வதைவிட அது மேல்.

ஆகவே நீ செய்ய வேண்டியது இதுதான். பைக்குக்கு ஒதுக்கிய பணத்தை அவன் பெயரில் தபால் ஆபீஸில் இரண்டு வருஷத்துக்குப் போட்டுவிடு. புத்தகம் அவன் கையிலேயே இருக்கட்டும். பதினெட்டு முடிந்து லைசென்ஸ் எடுத்த அன்றைக்கு வட்டியோடு எடுத்து அவனுக்குப் பிடித்த வண்டியை வாங்கிக்கொள்ளட்டும். கொடுத்த வாக்கும் நிற்கும். இப்போதைக்கு ஒரு நல்ல கியர் சைக்கிள் வாங்கித் தந்தால் போதும், அதற்கு அவனே பாதி மனசாக இருக்கிறான். விலை விசாரித்து எழுதுகிறேன்.

இதை நீதான் அவனிடம் சொல்ல வேண்டும். நான் சொன்னால் கிழவன் கெடுத்துவிட்டான் என்பான். அம்மா சொன்னால் அழுவான். வாக்குக் கொடுத்தவன் நீ. ஞாயிற்றுக்கிழமை கூப்பிடும்போது முதலில் அக்கவுண்ட் விஷயத்தில் அவன் செய்ததைப் பாராட்டு, அப்புறம் வண்டிப் பேச்சை எடு. வண்டி வேடிக்கை வியாழக்கிழமை சாயங்காலம். உனக்கு டூட்டி எத்தனை மணிக்கு முடிகிறது என்று சொன்னால், அவன் லாரி நம் தெருமுனைக்கு வரும்போது மருமகளை வீடியோ கால் போடச் சொல்கிறேன்.

அன்புடன்,
அப்பா