மழையைக் கேட்டு மலையை வெட்டுங்கள்: பினாங்கு மாநில அரசுக்கும் மாநகர் கழகத்துக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பினாங்கு மாநில ஆட்சிக்குழு உறுப்பினர்களுக்கும், பினாங்குத் தீவு மாநகர் கழக உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

இரண்டு தேதிகளை முதலில் எழுதிவிடுகிறேன். 2017 அக்டோபர் 21: தஞ்சோங் பூங்காவில் கட்டுமானத் தளம் ஒன்றில் மலைச்சரிவு இடிந்து 11 பேர் மண்ணுக்குள் போனார்கள். 2018 அக்டோபர் 19: பாயா தெருபோங்கை ஒட்டிய புக்கிட் குக்குஸில், மாநகர் கழகத்தின் சாலைத் திட்டம் நடந்துகொண்டிருந்த இடத்தில், 9 பேர். இறந்தவர்களில் பெரும்பாலோர் வெளிநாட்டிலிருந்து கூலிக்கு வந்தவர்கள். முதல் விபத்துக்கு மாநில அரசே விசாரணை ஆணையம் அமைத்தது. ஆணையம் அறிக்கை கொடுப்பதற்குள் இரண்டாவது விபத்தும் நடந்து முடிந்துவிட்டது.

இரண்டுமே அக்டோபரின் மூன்றாம் வாரம். தற்செயல் என்று சொல்வதற்கு முன் நம் தீவின் மழைக் கணக்கைக் கொஞ்சம் பாருங்கள்.

நவம்பரிலிருந்து மார்ச் வரை வடகிழக்குப் பருவக்காற்று கிழக்குக் கரை மாநிலங்களான கிளந்தானையும் திரெங்கானுவையும் புரட்டிப்போடும். நமக்கு அதில் பெரிய பங்கு கிடையாது. குறுக்கே தித்திவங்சா மலைத்தொடர் நிற்கிறது. மே முதல் செப்டம்பர் வரை வீசும் தென்மேற்குக் காற்றின் ஈரத்தைச் சுமத்ரா வாங்கிக்கொள்கிறது. விடியற்காலையில் நீரிணையைத் தாண்டி வந்து ஜன்னலை அறைந்துவிட்டுப் போகும் சுமத்ராக் காற்று மட்டும் விதிவிலக்கு. ஆக, ஒரு காற்று போய் இன்னொன்று வரும் இடைவெளியில்தான் நமக்குரிய மழை வந்து சேர்கிறது: சித்திரை, வைகாசியில் ஒரு தவணை, செப்டம்பர் தொடங்கி நவம்பர் வரை பெரிய தவணை. காலையில் நல்ல வெயில் அடிக்கும். கிழக்குக் கரையிலிருந்தும் மேற்குக் கரையிலிருந்தும் கடல்காற்று உள்ளே நுழையும். நடுவில் கொடிமலை என்கிற பினாங்கு மலைத் தொடர் இருப்பதால் காற்றுக்கு மேலே ஏறுவதைத் தவிர வேறு வழியில்லை. மதியம் மூன்று மணிக்கு மலை தலையில் கறுப்பைப் போட்டுக்கொண்டால், நான்கு மணிக்கு ஆயர் ஈத்தாமில் குடை நிற்காது. பாயான் லெப்பாஸ் விமான நிலையத்துச் சராசரியில் ஜனவரி மழை 100 மில்லிமீட்டரைத் தொடுவதில்லை. அக்டோபர் 300ஐத் தாண்டுகிறது.

அந்த விமான நிலையம் சமதரையில், கடலோரத்தில் இருக்கிறது என்பதையும் மறந்துவிடக் கூடாது. தீவின் பரப்பு 300 சதுர கிலோமீட்டர்கூட இல்லை. அதன் நடுவில் 833 மீட்டர் உயரத்துக்கு மலை. இப்படிப்பட்ட இடத்தில் ஒரே வானிலை என்று எதுவும் கிடையாது. பாலிக் பூலாவ் டுரியான் தோட்டத்தில் கொட்டித் தீர்க்கும்போது குளுகோரில் துணி காய்ந்துகொண்டிருக்கும். எச்சரிக்கைகளோ மாநிலப் பெயரோடு வருகின்றன. மிஞ்சினால் வடகிழக்கு, தென்மேற்கு என்று மாவட்டப் பெயரோடு. மலையடிவாரத்தில் குடியிருப்பவருக்கு வேண்டியது அது மட்டும் இல்லை. தன் தலைக்கு மேலே உள்ள அந்தச் சரிவில் கடந்த மூன்று நாளில் எவ்வளவு பெய்திருக்கிறது என்பதுதான் அவருக்குத் தெரிய வேண்டும். மண் இன்றைய மழையில் மட்டும் சரிவதில்லை. நேற்றும் முந்தாநாளும் குடித்த தண்ணீர் உள்ளே நின்று, மண்துகள்களின் பிடியைத் தளர்த்தியிருக்கும். பிறகு வரும் ஒரு மணி நேர மழை போதும். நம் மலை கருங்கல் மலைதான். ஆனால் வெப்ப மண்டலத்து வெயிலிலும் மழையிலும் அந்தக் கல் காலங்காலமாக மக்கி, மேலே கனமான செம்மண்ணாகக் கிடக்கிறது. மரவேர் இருக்கும்வரை நிற்கும். நேராக வெட்டி, நீல நிற பிளாஸ்டிக் விரிப்பைப் போர்த்திவிட்டால் நிற்காது.

அந்த விரிப்புகளை நீங்கள் காரில் போகும்போது பார்த்திருப்பீர்கள். நாங்கள் கீழேயிருந்து பார்க்கிறோம். ஓரம் கிழிந்து, காற்றில் படபடத்துக்கொண்டு, நடுவில் குளம்போல் தண்ணீர் தேங்கிக் கிடக்கும். மேலே எங்கேயோ மண் வெட்டுகிறார்கள் என்பதை எங்கள் தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) யாரும் அறிவிப்புப் பலகையைப் பார்த்துத் தெரிந்துகொள்வதில்லை. மழை விட்டதும் வீட்டு முன்னால் உள்ள கால்வாய் தே தாரிக் (பால் தேநீர்) நிறத்தில் ஓடினால் விஷயம் தெரிந்துவிடும். காட்டிலிருந்து வரும் வெள்ளம் அப்படி ஓடுவதில்லை. சருகு இருக்கும், நிறம் தெளிவாகவே இருக்கும்.

2017 நவம்பர் 4ஆம் தேதி இரவை உங்களுக்கு நான் நினைவூட்ட வேண்டியதில்லை. தாய்லாந்து வளைகுடாப் பக்கம் உருவான காற்றழுத்தத் தாழ்வு நம்மை இழுத்துப் பிடித்தது. சில இடங்களில் ஒரே நாளில் 300 மில்லிமீட்டருக்கு மேல் மழை. மரங்கள் வேரோடு சாய்ந்தன, கொடிமலைப் பாதை பல இடங்களில் சரிந்தது, மாநிலத்தில் 7 பேர் உயிரிழந்தார்கள். மலையுச்சியிலிருந்து கடல் பத்துக் கிலோமீட்டர்கூட இல்லை. இவ்வளவு குட்டையான ஆறுகளில் தண்ணீர் இறங்கிவர அதிக நேரம் எடுக்காது. அந்த நேரம் பார்த்துக் கடல் ஏற்றமும் சேர்ந்துவிட்டால் சுங்கை பினாங்கு ஆறு எங்கே போகும்? தெருவுக்குள்தான் வரும். வெள்ளத் தடுப்புத் திட்டத்துக்குக் கூட்டரசு பணம் தரவில்லை என்ற வாதத்தைப் பல ஆண்டுகளாகக் கேட்டுவிட்டோம். அதில் நியாயமும் இருக்கிறது. ஆனால் மலையில் எதை வெட்டலாம், எப்போது வெட்டலாம் என்று சொல்வதற்குப் கூட்டரசு அமர்ந்திருக்கும் புத்ராஜெயா வர வேண்டாம். அந்தப் பேனா உங்கள் கையில்தான் இருக்கிறது.

76 மீட்டருக்கு மேலே, அல்லது 25 பாகைக்கு மேல் சாய்ந்த நிலத்தில், கட்டக்கூடாது என்பது நம் மாநிலத்தின் விதி. நல்ல விதி. 'சிறப்புத் திட்டம்' என்ற வாசல் மட்டும் அதில் திறந்து கிடக்கிறது. மரங்களை வெட்டித் தள்ளியதால் புக்கிட் ரெலாவை ஊர் 'மொட்டை மலை' என்று கூப்பிட ஆரம்பித்த கதையும் எல்லோருக்கும் தெரியும். பினாங்குப் பாலத்தில் வரும்போதே அந்த மொட்டை கண்ணில் பட்டது. சரிவில் கட்டுவதற்கான பாதுகாப்பு வழிகாட்டியும் உங்களிடம் உண்டு. எனக்கு அதில் உள்ள குறை ஒன்றுதான். எவ்வளவு சாய்வு, எவ்வளவு உயரம், எத்தனை பொறியாளர் கையெழுத்து என்று நிலத்தைப் பற்றிப் பேசுகிற விதிகளில், எவ்வளவு மழை பெய்தால் வேலை தானாக நிற்க வேண்டும் என்ற எண்ணும் முதல் பக்கத்திலேயே இருக்க வேண்டும். எந்த மேலாளரின் அனுமதிக்கும் காத்திராமல் நிற்க வேண்டும். காங்கிரீட் லோரி வந்து நிற்கிறது, இன்று முடித்தாக வேண்டும் என்ற பேச்சுக்கு இடமே இருக்கக் கூடாது.

இது நடக்காத காரியம் இல்லை. ஹாங்காங்கும் மலையும் கடலும் நெருக்கமும் சேர்ந்த ஊர்தான். 1972 ஜூன் 18 அன்று ஒரே நாளில் இரண்டு நிலச்சரிவுகளில் 130க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 1976இல் மறுபடியும் ஒரு நிலச்சரிவு. அதற்குப் பிறகு, 1977இல், சரிவுகளைக் கவனிக்கவே தனி அலுவலகம் அமைத்தார்கள். மழையளவை வைத்து நிலச்சரிவு எச்சரிக்கையும் அந்த ஆண்டே தொடங்கியது. இன்று அங்கே மனிதன் வெட்டிய சரிவுகள் ஏறத்தாழ 60,000 பதிவேட்டில் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஓர் எண், சரிவின் அடியில் பலகை. யார் பொறுப்பு என்று எந்தக் குடியிருப்பாளரும் பார்த்துக்கொள்ளலாம். அவர்களிடம் பணம் அதிகம் என்பீர்கள். சரிதான். நம்மிடம் சரிவுகள் குறைவு.

தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை. தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை ஏறுகிறவர்களுக்கு இந்தத் தீவின் இன்னொரு முகம் தெரியும்: தார் கொதிக்கும், வெறுங்கால் பொரியும், பந்தலுக்குப் பந்தல் மோர் கேட்கும். அந்த வறண்ட மாதங்களிலும் காடு கொஞ்சங்கொஞ்சமாகத் தண்ணீரை விட்டுக்கொண்டிருப்பதால்தான் தண்ணீர்மலை அருவி ஓடுகிறது. ஆதியில் ஜார்ஜ்டவுனுக்கே குடிதண்ணீர் அந்த அருவியிலிருந்துதான் போனது. இன்று பினாங்கு எடுக்கும் தண்ணீரில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் மூடா ஆற்றிலிருந்து வருகிறது; அதன் ஊற்றுக்கண் அண்டை மாநிலமான கெடாவின் காட்டில். அங்கே மரம் வெட்டாதே என்று கெடாவிடம் நீங்கள் கேட்பதை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன். அதே வாயால் நம் மலையில் 'சிறப்புத் திட்டம்' என்று சொன்னால் கெடாக்காரர் சிரிக்க மாட்டாரா?

ஜார்ஜ்டவுனிலும் பாயான் லெப்பாஸிலும் வெக்கையையும் வெள்ளத்தையும் குறைக்க, வெளிநாட்டு நிதியாக 1 கோடி அமெரிக்க டாலர் பெற்று மரம் நடும் வேலை நடக்கிறது. வரவேற்கிறேன். கீழே நட்டுக்கொண்டே மேலே வெட்டினால் கணக்கு நேராகாது.

கேட்பது இவ்வளவுதான். வெட்டப்பட்ட ஒவ்வொரு சரிவுக்கும் ஓர் எண்ணும் பலகையும் வையுங்கள். வடிகால் நீர்ப்பாசனத் துறை ஏற்கெனவே இணையத்தில் போடும் மழையளவை அந்தச் சரிவுகளோடு இணைத்து, மூன்று நாள் கூட்டுத்தொகையாகக் காட்டுங்கள். இத்தனை மில்லிமீட்டருக்கு மேல் போனால் மலைச்சரிவில் எல்லா வேலையும் நிற்கும் என்று பொறியாளர்களை வைத்து ஓர் எண்ணை முடிவுசெய்து சட்டமாக்குங்கள். செப்டம்பர் முதல் நவம்பர் வரை புதிதாக மண் வெட்ட அனுமதி தராதீர்கள். ஏற்கெனவே வெட்டியதை மூடி, வடிகால் போட்டு முடிக்க மட்டும் விடுங்கள். வீடு விலை ஏறும் என்று கட்டுமானக்காரர்கள் சொல்வார்கள். மூன்று மாதம் நின்ற இயந்திரத்தின் வாடகையைக் கணக்குப் போட்டுக் காட்டட்டும், பேசலாம்.

இவற்றில் எதை ஏற்கிறீர்கள், எதை ஏற்கவில்லை, எந்தத் தேதிக்குள் செய்வீர்கள் என்பதை எழுத்தில் தெரிவிக்க வேண்டுகிறேன். வேலை நிறுத்த எண்ணைத் தளத்தின் வாசலில் எழுதும்போது மலாய், சீனம், தமிழோடு வங்காளத்திலும் பர்மிய மொழியிலும் எழுதுங்கள். சரிவுக்குக் கீழே நிற்பவர்கள் படிக்கும் மொழிகள் அவை.

இப்படிக்கு,
ஆயர் ஈத்தாம் மலையடிவாரத்துக் குடியிருப்பாளர்