பெட்டியில் போட்டிருந்த விமானம் வேறு, உள்ளே இருந்தது வேறு: மாற்றித் தரக் கோரும் புகார்

அனுப்புநர்: வரலாற்று ஆசிரியை, மட்டக்களப்பு
பெறுநர்: முகாமையாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

ஐயா,

சென்ற மாதம் 12ஆம் திகதி உங்கள் இணையக் கடையில் ஜப்பானியக் கடற்படையின் ஐச்சி 99 ரகக் குண்டுவீச்சு விமானத்தின் 1/48 அளவு மொடல் பெட்டி ஒன்றை 18,500 ரூபாய் கட்டி வாங்கினேன். "11ஆம் மாதிரி, இந்து சமுத்திரம், ஏப்ரல் 1942" என்று பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் போட்டிருந்தது. அதை நம்பித்தான் வாங்கினேன். எங்கள் பாடசாலை வரலாற்று மன்றப் பிள்ளைகள் ஒரு வருடமாகச் சேர்த்த காசும் அதில் இருக்கிறது.

1942 ஏப்ரல் 9 காலை, ஹேர்மிஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பலை எங்கள் கரைக்கு அப்பால் மூழ்கடித்தவை இந்த விமானங்கள்தான். அதில் 307 பேர் செத்தார்கள். கப்பல் இன்றும் 50 மீற்றருக்கு மேற்பட்ட ஆழத்தில் இடப்பக்கம் சாய்ந்தபடி அங்கேயே கிடக்கிறது. வருகிற ஏப்ரல் 9 கண்காட்சிக்குக் கப்பலைப் பிள்ளைகள் மரத்தில் செய்துவிட்டார்கள். விமானத்துக்குத்தான் உங்களை நம்பினோம்.

பெட்டியைத் திறந்து பாகங்களை மேசையில் பரப்பியதும் பத்தாம் ஆண்டுப் பிள்ளை ஒருத்தி, "ரீச்சர், படத்தில இந்த மூக்குக் கூம்பு இல்லையே" என்றாள். அவள் சொன்னது சரி. விசிறியின் நடுவில் மாட்டும் கூம்பும், பின்பக்கம் நீண்டு ஒடுங்கும் கண்ணாடிக் கூடும் 22ஆம் மாதிரிக்கு உரியவை. 1,300 குதிரைவலு எஞ்சின் பூட்டிய அந்த மாதிரி, ஹேர்மிஸ் மூழ்கியபோது சேவைக்கே வந்திருக்கவில்லை. அன்று பறந்தது ஏறக்குறைய 1,000 குதிரைவலுக் கின்செய் எஞ்சின் கொண்ட 11ஆம் மாதிரி. பெட்டியில் ஒன்றைப் போட்டு உள்ளே இன்னொன்றை வைத்து அனுப்பியிருக்கிறீர்கள்.

அடுத்தது எனக்கு இதைவிடப் பெரிய குறை. விமானத்தின் வயிற்றுக்குக் கீழே 250 கிலோ குண்டைத் தாங்கும் கவைக்கம்பு பெட்டியில் இல்லை. பிளாஸ்ரிக் சட்டத்தில் அது இருக்க வேண்டிய இடத்தில் உடைந்த இரண்டு முனைகள் மட்டும் நிற்கின்றன. சின்னக் கம்பிதானே என்று நினைக்க வேண்டாம். மூக்கைக் குத்திக்கொண்டு பாயும்போது குண்டை அப்படியே விட்டால் அது சுழலும் விசிறியில் போய் அடிக்கும். அதனால் இந்தக் கவை ஊஞ்சல் மாதிரி முன்னுக்கு வீசி, விசிறிக்கு வெளியே குண்டைக் கொண்டுபோய் விடும். இறக்கைக்கு அடியில் உள்ள, பாயும் வேகத்தைக் குறைக்கும் தடுப்புப் பலகைகளும் அப்படித்தான், சின்ன விஷயமில்லை. சோதனைக்காக முதலில் செய்த விமானத்தில் அவற்றை விரித்தபோது பயங்கரமாக அதிர்ந்தன; வளைந்து திரும்பும்போது விமானமும் நிலைதடுமாறியது. பலகைகளை உறுதிப்படுத்தி, வாலின் செங்குத்துப் பகுதிக்கு முன்னால் முதுகில் நீளமாக ஒரு துடுப்பு வைத்து, எஞ்சினையும் மாற்றிய பிறகுதான் 1939 டிசம்பரில் கடற்படை அதை ஏற்றது. இதைக் கையில் தொட்டுக் காட்டிப் படிப்பிக்கத்தான் மொடல் வாங்கினேன். கவை இல்லாமல் எதைக் காட்டுவது?

தண்ணீரில் ஊறவைத்து ஒட்டும் ஸ்ரிக்கர்களும் பழசு. மஞ்சள் பிடித்திருக்கின்றன. சிவப்பு வட்டம் ஒன்று தண்ணீரில் போட்டவுடனே நான்காகப் பிளந்துவிட்டது.

அப்புறம், நீங்களே தமிழில் அச்சடித்து உள்ளே வைத்த கைநூல். ஹேர்மிஸ் திருகோணமலைத் துறைமுகத்தில் நின்றபோது, தன் விமானங்களைத் தளத்தில் அடுக்கி வைத்த நிலையில் தாக்கப்பட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். அது உண்மையில்லை. தாக்குதல் வரும் என்று தெரிந்து முதல்நாளே துறைமுகத்தை விட்டுத் தெற்கே போன கப்பல் அது. வம்பயர் என்ற அவுஸ்திரேலிய நாசகாரிக் கப்பலும் கூடப் போய்க் கூடவே மூழ்கியது. திரும்பி வரும் வழியில் மட்டக்களப்புக்கு நேரே அகப்பட்டபோது ஹேர்மிஸில் ஒரு விமானம்கூட இல்லை. தன்னைக் காக்க மேலே அனுப்ப எதுவுமே இல்லாமல் அழிந்த கப்பலைப் பற்றி இப்படி எழுதினால், அங்கே செத்தவர்களின் கதையே மாறிவிடுகிறது. நான்கு நாள் முன்பு, ஏப்ரல் 5இல், டோர்செட்ஷயர், கோர்ன்வோல் என்ற இரண்டு குருசர் கப்பல்களை ஜப்பானியக் கடற்படை விமானி எகுசா தகாஷிகே தலைமையில் 53 விமானங்கள் சிறிது நேரத்தில் மூழ்கடித்தது பற்றி ஒரு வரியும் இல்லை. சக்கரங்கள் உள்ளே மடங்கும் என்று வேறு போட்டிருக்கிறீர்கள். இந்த விமானத்தின் சக்கரம் மடங்காது. காலுறை மாட்டியது போன்ற அந்த நிலையான சக்கரங்கள்தான் இதைத் தூரத்திலிருந்தே அடையாளம் காட்டும்.

போன கிழமை உங்கள் அலுவலகத்துக்கு இரண்டு தடவை எடுத்தேன். இரண்டாவது முறை கதைத்தவர், "சின்ன வித்தியாசம்தானே மிஸ், பிள்ளைகளுக்குத் தெரியவா போகுது" என்றார். முதலில் கண்டுபிடித்ததே ஒரு பிள்ளைதான் என்று சொன்னேன். அவர் பதில் சொல்லாமல் தொலைபேசியை வைத்துவிட்டார். அது எனக்கு மிகுந்த வருத்தம்.

11ஆம் மாதிரிக்குரிய முழுப் பெட்டி ஒன்றை, கவைக்கம்பும் புதிய ஸ்ரிக்கரும் இருக்கிறதா என்று பார்த்து, 14 நாட்களுக்குள் அனுப்பிவைக்க வேண்டுகிறேன். முடியாவிட்டால் கூரியர் செலவு உட்பட முழுக் காசையும் திருப்பித் தாருங்கள். கைநூலில் உள்ள பிழைகளுக்குத் திருத்தத்தாள் அச்சடித்து, இதே பெட்டியை வாங்கிய மற்றவர்களுக்கும் அனுப்புங்கள். சரியான விவரங்களை எழுதித் தர நான் தயார். அதற்குக் காசு எதுவும் வேண்டாம்.

பற்றுச்சீட்டின் பிரதியும், உடைந்த சட்டத்தின் படங்கள் மூன்றும் இத்துடன் இணைத்திருக்கிறேன். பிழையான பெட்டி பாகம் எதுவும் வெட்டப்படாமல் என்னிடம் பத்திரமாக இருக்கிறது. உங்கள் கூரியர்காரர் பாடசாலை நாளில் எப்போது வந்தாலும் எடுத்துப் போகலாம்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்