தூர் வாரிய பிறகு ஏரியை யார் பார்ப்பது? தருமபுரி மாவட்ட ஆட்சியருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கு வணக்கம்.

பாலக்கோடு வட்டத்தில் ஒரு சிற்றேரியின் ஆயக்கட்டில், அதாவது அதன் நீர் பாயும் நிலத்தில், இரண்டு ஏக்கர் பயிரிடுகிறவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் ஏரியைத் தூர் வாரினார்கள். கரை உயர்ந்தது, சீமைக்கருவேலம் வேரோடு போனது. அடுத்த ஐப்பசியில் ஏரி நிறைந்து கோடி வழியே வழிந்தபோது ஊரே கரையில் நின்றது. பெண்கள் பூத் தூவிக் கும்பிட்டார்கள். ஆனால் மதகுப் பலகை உளுத்துப் போயிருந்ததை ஒருவரும் கவனிக்கவில்லை. சாக்கில் வைக்கோலும் களிமண்ணும் திணித்து அடைத்தோம்; அதையும் மீறிக் கசிந்து, மாசிக்குள் ஏரி வறண்டது. பொக்லைனின் ஒரு நாள் வாடகையில் அந்தப் பலகையை மாற்றியிருக்கலாம். அதற்கு நிதியும் இல்லை, பொறுப்பேற்க ஆளும் இல்லை.

முன்பு அந்தப் பொறுப்பு, மதகைத் திறந்து மூடி வயல்களுக்கு நீர் பாய்ச்சும் ஊர்ப் பணியாளரான நீர்க்கட்டியுடையது. களத்தில் நெல் அளக்கும்போதே அவர் பங்கைத் தனியே வைப்பார்கள். ஆழ்துளைக் கிணறுகள் வந்து ஏரியை நம்பியிருப்போர் குறைந்ததும் அந்தப் பங்கு நின்றது. அவருடைய மகன் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய்விட்டார். அவ்வேலை ஒரே சாதியின் தலையில் சுமத்தப்பட்டிருந்தது என்பதையும் மறைக்கக் கூடாது. பழையபடி வேண்டாம், விரும்பி வருகிற எவருக்கும் மாதச் சம்பளம் தரும் பணியாக அது வேண்டும்.

அந்தச் சம்பளத்தை ஏரியே தரும். எங்கள் ஏரியின் மீன் பாசி (மீன்பிடி உரிமை) ஏலத்தொகையும் கரைப் புளியமரங்களின் ஏலத்தொகையும் பொதுக் கணக்கில் கரைந்துவிடுகின்றன; மதகுக்கு ஒரு ரூபாய்கூடத் திரும்பி வருவதில்லை. பாசன முறைகளை விவசாயிகளே மேலாண்மை செய்வதற்கான 2000ஆம் ஆண்டுச் சட்டம் நிலமுள்ளவர்களுக்குச் சங்கம் தந்தது. ஆனால் வெட்டிய சீமைக்கருவேலத்தை விறகாக விற்றுப் பிழைத்த நிலமற்ற குடும்பங்களுக்கும், ஏரிக்குள் ஆடு மேய்ப்பவர்களுக்கும் அதில் இடமில்லை. ஏரி நிறைந்ததால் அவர்கள் இழந்தது மட்டுமே மிச்சம் என்றால், அவர்கள் அதை எதற்காகக் காக்க வேண்டும்?

ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் தொடங்கப்பட்டபின் ஃப்ளோரைடு குறைந்த காவிரி நீர் வருகிறது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்ற வரம்பைத் தாண்டிய கிணற்று நீரைக் குடித்துப் பல்லில் பழுப்புக் கறை ஏறிய எங்கள் தலைமுறைக்கு அதன் அருமை தெரியும். ஆனால் மாட்டுக்கும் கேழ்வரகுக்கும் குழாய்த் தண்ணீர் வராது. ஏரியில் நீர் நின்றால்தான் கிணறு ஊறும்.

ஆகவே, ஒவ்வொரு சிற்றேரிக்கும் தனிக் கணக்குத் தொடங்கி, ஏல வருமானத்தை அதில் செலுத்தி, நிலமற்றோரும் பெண்களும் சம உறுப்பினராக உள்ள குழுவின் ஒப்புதலோடு செலவிட ஆணையிடுமாறு வேண்டுகிறேன். முதற்கட்டமாக, தூர் வாரிய ஏரிகளின் மதகுகளைப் புரட்டாசி மழைக்கு முன் ஒருமுறை பார்வையிடச் செய்யுங்கள். எங்கள் மதகில் இன்னும் அந்தச் சாக்குதான் இருக்கிறது.

இப்படிக்கு,
பாலக்கோடு வட்டத்து ஆயக்கட்டு விவசாயி