பெரியவர் ஜீன்ஸ் போட்டதில் என்ன குற்றம்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

குடியாத்தம் பக்கத்து அம்மன் திருவிழாக் கச்சேரியைப் பற்றிச் சென்ற வாரம் உங்கள் கடிதப் பகுதியில் ஒரு வாசகர் எரிந்து விழுந்திருந்தார். பட்டை விபூதியும் ஜிப்பாவுமாக முருகன் பாட்டுப் பாடியே பேர் வாங்கிய பெரியவர், தலைக்கு டை அடித்து, ஜீன்ஸும் கறுப்பு டி-ஷர்ட்டும் மாட்டிக்கொண்டு குத்துப் பாட்டுக்கு ஆடினாராம். இந்த வயதில் இதெல்லாம் தேவையா என்று கேட்டிருந்தார். அந்தக் கச்சேரிக்கு மைக் செட் போட்டவன் நான். மேடை ஓரம் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற மிக்சர் பெட்டியோடு உட்கார்ந்திருந்தவன் என்ற முறையில் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது.

அன்றைக்கு அவர் எடுத்த முதல் பாட்டு முருகன் பாட்டுதான். உங்கள் வாசகர் அப்போது வந்திருக்க மாட்டார். நாற்காலி பாதி காலியாகக் கிடந்தது. அந்த ஒரு பாட்டுக்கே விழாக் குழுவில் மன்றாட வேண்டியிருந்தது. அட்வான்ஸ் கொடுக்கும்போதே பையன்கள் சொல்லிவிட்டார்கள்: "பழசு ஒண்ணு ரெண்டு போதும்ணா, கூட்டம் எழுந்து பூடும்." ஜீன்ஸும் அவர்கள் யோசனைதான். அது அவருக்கு எடுப்பாக இருந்தது என்று நான் சொல்ல மாட்டேன். இடுப்பில் நிற்காமல் பாட்டுக்குப் பாட்டு இழுத்து விட்டுக்கொண்டிருந்தார்.

நேரத்தையும் பார்க்க வேண்டும். முன்பெல்லாம் இரவு பத்துக்கு மேல்தான் ஆர்கெஸ்ட்ராவே சூடு பிடிக்கும். பிள்ளையார், முருகன், அம்மன் என்று ஒரு மணி நேரம் பக்திப் பாட்டு ஓடும், அப்புறம் டி.எம்.எஸ்., சுசீலா, நள்ளிரவு தாண்டினால் ஆட்டப் பாட்டு. ஒரு பாடகர் ஒரே ராத்திரியில் மூன்று ஆளாக இருக்கலாம், யாருக்கும் உறுத்தாது. இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை ஒலிபெருக்கி கூடாது என்று 2000-இல் ஒலி மாசு விதிகள் வந்தன. திருவிழாவுக்காக அரசு நள்ளிரவு வரை தளர்த்தலாம், அதுவும் வருடத்துக்குப் பதினைந்து நாளுக்கு மேல் கிடையாது. விதியில் குறை ஒன்றும் இல்லை. நோயாளியும் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளையும் இருக்கிற தெருவில் நானே ஸ்பீக்கரைத் திருப்பி வைத்திருக்கிறேன். ஆனால் வந்த பிரமுகர்களுக்கெல்லாம் பொன்னாடை போர்த்தி முடிக்கவே எட்டரை ஆகிவிடுகிறது. மிச்சமுள்ள ஒன்றரை மணி நேரத்தில் பக்தியை எங்கே வைப்பது, பழசை எங்கே வைப்பது?

எல்.ஆர்.ஈஸ்வரியை எடுத்துக்கொள்ளுங்கள். கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்த லூர்து மேரி ராஜேஸ்வரி. 1961-இல் 'பாசமலர்' படத்தில் மணப்பெண்ணைத் தோழி அழைக்கிற பாட்டைப் பாடினார்; அதைப் போடாமல் இன்றைக்கும் நம் பக்கத்தில் கல்யாண வீட்டு மைக் செட் ஓயாது. அப்புறம் சினிமாக்காரர்கள் கதாநாயகிக்கு சுசீலா, கிளப் டான்ஸுக்கு ஈஸ்வரி என்று பாகம் பிரித்தார்கள். 1968-இல் 'பணமா பாசமா'வில் இலந்தைப் பழம் கூவிய குரல்தான் பிறகு மாரியம்மனையும் கூப்பிட்டது. சினிமாவில் பாட்டு குறைந்தபோதும் ஆடி மாதம் அவரைக் கைவிடவில்லை. எழுபதைத் தாண்டி, 2011-இல் 'ஒஸ்தி'யில் மறுபடியும் துள்ளாட்டம் போட வைத்தார். அடுத்த ஆடிக்கு எங்கள் தொழிலில் காலையில் கூழ் ஊற்றும்போது அவருடைய அம்மன் பாட்டு, ராத்திரி பையன்கள் ஆட அவருடைய 'ஒஸ்தி' பாட்டு, இரண்டும் ஒரே பென் டிரைவில். யாரும் கையெழுத்து வாங்கி மனு கொடுக்கவில்லை. எஸ்.பி.பி. 1990-இல் 'கேளடி கண்மணி'யில் கதாநாயகன் ஆனபோதும், மலேசியா வாசுதேவன் வில்லனாக வந்து மிரட்டியபோதும் கைதான் தட்டினோம். ஊர்ப் பாடகர் சட்டை மாற்றினால் மட்டும் பண்பாடு ஞாபகத்துக்கு வந்துவிடுகிறது.

அதுவும் எந்த ஊரில்? வைகாசி முதல் நாள் கெங்கையம்மன் சிரசு தரணம்பேட்டை முத்தியாலம்மன் கோயிலில் கிளம்பி, கோபாலபுரம் வந்து இன்னொரு உடம்பில் பொருந்துகிறது. வெட்டுப்பட்ட தலை வேறோர் உடம்பில் ஒட்டிய ரேணுகாதேவி கதையைக் குடியாத்தத்துக்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தலை ஒன்று, உடம்பு வேறு என்று நிற்கிற தாயை லட்சக்கணக்கில் கும்பிடுகிற நாம், பழைய குரலுக்குப் புதுச் சட்டை ஒட்டாது என்கிறோம்.

எனக்கு அன்றைக்கு உறுத்தியது வேறு. மேடையில் அவருக்குப் பின்னால் ஒருத்தரும் இல்லை. கீபோர்டு, கிடார், தபேலா, டோலக், டிரம்ஸ் என்று வேன் நிறைய வந்து இறங்குவார்கள் ஒரு காலத்தில். இப்போது முன்பே பதிவு செய்த இசை டிராக்கோடு ஒரு லேப்டாப், அதைத் தட்ட ஒரு பையன். பெரியவருக்குப் பழைய கட்டை, அதாவது பழைய சுருதி, இனி எட்டாது, அது வயசு. "தம்பி, ஒரு கட்டை இறக்குப்பா" என்று மைக்கை மூடிக்கொண்டு கேட்டார். "முடியாதுணா, டிராக் இப்படித்தான் இருக்கு" என்றான் அவன். கீபோர்டுக்காரர் இருந்திருந்தால் கேட்பதற்கு முன்பே இறக்கியிருப்பார்.

சரணத்தில் மூச்சு வாங்க வேண்டிய இடம் வந்தால் அந்தக் காலத்தில் அவர் தபேலாக்காரரை ஒரு பார்வை பார்ப்பார். அவர் சின்னதாக ஓர் உருட்டு உருட்டி ஒரு தாளச் சுற்று கூட்டிக் கொடுப்பார். கேட்கிறவர்களுக்கு அது தபேலாவின் சாமர்த்தியமாகத் தெரியும். டிராக் யாருக்கும் நிற்காது. மேல் ஸ்தாயி வந்தபோது மைக்கைக் கூட்டத்தின் பக்கம் நீட்டிவிட்டார், ஜனங்கள் குஷியாகக் கத்தினார்கள். விட்டுப்போன வரிகளைக் கையை, காலை ஆட்டி நிரப்பினார். ஆட்டம் என்று உங்கள் வாசகர் எழுதியிருப்பது அதைத்தான். எக்கோவைக் கொஞ்சம் ஏற்றி வைத்தேன், என்னால் ஆனது அவ்வளவுதான்.

குழுக்காரர்களும் கெட்டவர்கள் இல்லை. வேன் வாடகை, அத்தனை பேருக்கும் சாப்பாடு, சம்பளம் என்று கணக்குப் போட்டால் லேப்டாப் மலிவு. ஆனால் அதே கணக்கு நோட்டில் எல்.இ.டி. திரைக்கு எழுதியிருந்த தொகையையும் பார்த்தேன். பெரியவருக்குக் கொடுத்ததைவிட அது அதிகம்.

வரும் ஆடிக்கு எங்கள் பக்கத்தில் இப்போதே அட்வான்ஸ் கைமாற ஆரம்பித்துவிட்டது. நோட்டீஸ் அச்சுக்குப் போகும் முன்பு ஒரு கீபோர்டு, ஒரு தபேலாவுக்காவது உங்கள் வாசகர் விழாக் குழுவிடம் பேசிப் பார்க்கட்டும். வேட்டியோ ஜீன்ஸோ, பெரியவர் தன் கட்டையில் நின்று முழுப் பாட்டையும் பாடிவிட்டுப் போவார். நான் கேட்டால் எடுபடாது. தபேலா வந்தால் கூடுதலாக இரண்டு மைக் வைக்க வேண்டும், மைக் செட்காரன் வாடகையை ஏற்றப் பார்க்கிறான் என்பார்கள்.

இப்படிக்கு,
மைக் செட் தொழில் செய்யும் வாசகர்,
நெல்லூர்பேட்டை, குடியாத்தம்.